ரேடியம் மனிசியின் பொட்டு

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பூசைச் சாமான் வாங்கப் போன இடத்தில் அம்மா ஒரு குங்குமப் பைக்கற்றை எடுத்து, மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா. அப்பா காலமான பிறகு அவ பொட்டு வைப்பதில்லை. அந்த வாசம் எனக்கும் வந்தது. உடனே எங்கள் பழைய ஒற்றை அறை வீடு.

எனக்கு அப்போது பத்து வயது. ரேடியத்தைக் கண்டுபிடித்த பெண் விஞ்ஞானியைப் பற்றி வகுப்பில் பேசுவதற்காக, அவவின் படத்தைப் பெரிய மட்டையில் ஒட்டியிருந்தேன். சரஸ்வதி பூசையன்று அம்மா என் புத்தகங்களோடு அந்த மட்டையையும் சாமிக்கு முன்னால் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தா. விஞ்ஞானியின் நெற்றியிலும் ஒரு பொட்டு.

லா கூர்னெவிலிருந்து வந்திருந்த மாமி, "ஆர் இவ?" என்றா. மட்டையில் எழுதியிருந்ததை நான் தமிழில் சொன்னேன். அவவின் புருசன் குதிரை வண்டியில் அடிபட்டுச் செத்ததைச் சொன்னதும் மாமி மறித்தா.

"புருசன் இல்லாதவவுக்குப் பொட்டோ? அழி பிள்ளை."

மட்டை ஒட்டும்போதே என்னிடம் முழுக்கதையும் கேட்டிருந்த அம்மா, சுண்டல் தாளித்தபடி திரும்பவேயில்லை. "மனுசன் போன பிறகு அவரின்ரை வகுப்பை ஆர் படிப்பிச்சது? இவதானே. இருக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அந்தப் பொட்டைக் காட்டிக் கேட்டபோது, அம்மா கொடுத்த பரிசு என்றேன். பின்னேரம் என் வகுப்புப் பெட்டைகள் தங்களுக்கும் வேணுமென்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

கடையில் அம்மா திரும்ப வைத்த பைக்கற்றை எடுத்து நான் கூடையில் போட்டேன்.

"எனக்கேன் பிள்ளை இது?"

"ரேடியம் மனிசிக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமோ அம்மா?"

காசு கட்டும்போது பார்த்தால், கூடையில் இரண்டு பைக்கற்றுகள் கிடந்தன.

"மற்றது மாமிக்கு," என்றா. "அவவும் இப்ப தனியத்தானே."