பெட்டி ஏறியது, நான் ஏறவில்லை

“காரைக்குடியில கடலே கெடையாது. ஒனக்கு எதுக்கும்மா கப்பல் வேல?”

வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் என்னிடம் கேட்டது இது. அவரும் கானாடுகாத்தான்காரர்தான். அவர் வீட்டுக் கொல்லையிலும் அலை அடிக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வரும்.

அதே மனிதர், எத்தனையோ வருடம் கழித்து, நேற்றுக் காலை போன் செய்தார். “நல்லாருக்கியாம்மா? நம்ம பெட்டி கப்பல்ல எல்லாத்துக்கும் செவப்புக் காட்டுது. என்னன்னு ஒரு வார்த்த சொல்லேன்.” நம்ம பெட்டியாம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எண்ணெய்ச் சட்டி வாசம் வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் பட்டறை கொத்தமங்கலத்தில், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண ஆர்டருக்குத் தேன்குழல் பிழிவார்கள். இந்தப் பக்கம் நான் சால்டரிங் செய்வேன். ஈயப் புகையும் எண்ணெய்ப் புகையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது தேன்குழல் வெந்தால் என் சுட்டுவிரல் தானாகப் பின்னால் போகிறது, சூடுபட்ட ஞாபகத்தில்.

அந்தப் பெட்டி ஒரு சூட்கேஸ் அளவுதான். கடற்படைக் கப்பலில் ரேடார் நின்றுவிட்டால் அதன் இரும்பு அலமாரியில் வரிசையாக இருக்கும் எலக்ட்ரானிக் கார்டுகளில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். நடுக்கடலில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு கரைக்கு ஓட முடியுமா? எங்கள் பெட்டியை அலமாரியோடு கேபிளால் இணைத்தால் போதும். கெட்ட கார்டுக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும், நல்லதற்குப் பச்சை. குறுகலான கதவுக்குள் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. அதன் சர்க்யூட்டை வரைந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். அம்மா களையெடுக்கப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதனால் அந்தப் பெட்டியின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்பது பொய்.

வேலையை ஆரம்பிக்கும்போதே கேட்டேன். “சார், கப்பல்ல கரண்ட் எப்புடி வருதுன்னு ஒருக்காப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“கரையில ஒரு கரண்ட்டு, கப்பல்ல ஒரு கரண்ட்டா? பிளக்கச் சொருகுனா எரியப்போகுது, போம்மா.”

பெட்டி தயாரானதும் வேனில் துறைமுகத்துக்குப் போனோம். வாசலில்தான் தெரிந்தது, மேலாளருக்கும் என்னோடு வேலைக்குச் சேர்ந்த செந்திலுக்கும் மட்டும் பாஸ். “ஏணி, இரும்புப் படியெல்லாம் ஏறணும். நீ வெளிய இரும்மா. சந்தேகம்னா போன் பண்றேன்” என்றார் மேலாளர். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று காவலர் தடுத்ததும் இருவரும் தங்கள் போன்களை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் போன் செய்ய வேண்டியவர்களின் போன்களை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது சீருடையில் ஒரு பெண் அதிகாரி கப்பலிலிருந்து இறங்கி வெளியே வந்தார். “யாருக்காக வெயிட் பண்றீங்க?” என்று அன்பாகத்தான் கேட்டார். மடியில் இருந்த போன்களைக் காட்டினேன். அவர் ஏறி இறங்கும் ஏணியில் நான் ஏற மாட்டேனாம்.

சாயங்காலம் மேலாளர் முகம் கறுத்து வந்தார். “ஒன் பெட்டி மானத்த வாங்கிருச்சு. ஒரு கார்டு விடாமச் செவப்பு. கப்பலே செத்துப்போச்சாங்குறாங்க.”

காலையில் வேனில் வரும்போது ‘நம்ம பெட்டி’, சாயங்காலம் ‘ஒன் பெட்டி’.

செந்திலைத் தனியே பிடித்தேன். “கம்பிக்கும் கப்பல் ஒடம்புக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன். ரெண்டு கம்பியிலயும் பாதிப் பாதி வோல்ட்டேஜ் காட்டுச்சு. மீட்டருதான் கெட்டுப்போச்சுன்னு உள்ள வச்சுட்டேன்.”

மீட்டர் கெடவில்லை. ஊரில் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்கும். அதைப் பூஜ்யம் என்று வைத்து அளந்தது எங்கள் பெட்டி. கப்பலில் இரண்டு கம்பிகளையுமே இரும்பு உடம்போடு சேர்க்காமல் விட்டிருப்பார்கள். சண்டையில் ஒரு கம்பி அறுந்து இரும்பில் பட்டாலும் கரண்ட் நிற்கக் கூடாதே, அதற்காக. அங்கே பூஜ்யமே இல்லை. ஒருமுறை ஏற விட்டிருந்தால் இதை நானே பார்த்திருப்பேன்.

ஊருக்கு வந்து, கப்பல் கரண்டைப் பிரித்து, பெட்டிக்கென்று தனியாக ஒரு பூஜ்யம் கிடைக்க உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தேன். பெட்டி கொஞ்சம் கனத்தது. மறுமுறை கப்பலில் ஒரே ஒரு விளக்கு சிவந்தது. சரியான கார்டு. “நம்ம பெட்டி ஜெயிச்சுருச்சும்மா!” என்று மேலாளர் துறைமுக வாசலில் எனக்கு லட்டு கொடுத்தார். ஆமாம், அப்போதும் நான் வாசலில்தான்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. கம்பெனி சென்னைக்குப் போய்விட்டது, நான் போகவில்லை. வீடு ஹோட்டலாகிவிட்டது. என் மேசை இருந்த இடத்தில் சுற்றுலா வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். தேன்குழல் அடுப்பையும் இடித்துவிட்டார்கள். அடுப்புக்கு மட்டும் வருத்தப்பட்டேன்.

நேற்று அவரிடம் கேட்டேன். “செவப்பு எப்பருந்து சார் காட்டுது?”

“புது மாடல்ல எடையக் கொறச்சோம்மா. அந்த டிரான்ஸ்பார்மரக் கழட்டிட்டோம். சும்மாதான இருந்துச்சு?”

சும்மா! எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “அதத் திருப்பி மாட்டுங்க சார். வேற எதெதக் கழட்டுனீகளோ, கப்பல்ல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். நாந்தான் பாப்பேன். எம் பேருக்குப் பாஸ் போடுங்க.”

“நீ ஏறணுமா?”

“ஆமா சார். இந்தத் தடவ நீங்க வெளிய இருங்க.”

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, “ஏத்தா, போன்லயே இந்தக் கத்துக் கத்துற. நேர்ல போனா கப்பல் மெதக்குமா?” என்றாள்.

மேலாளர் கடைசியில் பாஸுக்குப் போட்டோ அனுப்பச் சொன்னார். சாயங்காலமே ஸ்டுடியோவுக்குப் போனேன். “கொஞ்சம் சிரிங்க” என்றார் போட்டோக்காரர். சிரிக்கவில்லை. அந்தப் படத்தையே அனுப்பிவிட்டேன்.