மட்டாஞ்சேரியில் ஒரு ராஜாவும் அவர் சட்டையும்

எனக்குத் தமிழ் தெரியாது. பதினைந்து வருஷமாகத் தமிழில் எழுதி, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய சைக்கிளும் வாங்கிய பிறகு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? போன மே மாதம் மட்டாஞ்சேரியில், ஒரு கூட்டம் குழந்தைகளுக்கு நடுவில், கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த உண்மை எனக்கே தெரிந்தது. ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட்டால் உங்களுக்கும் தெரியட்டும்.

போனதற்குக் காரணம் என் பையன் பாபு. வயது ஐந்து. கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரத்திலேயே என் இரண்டு பேனாக்களையும் பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையையும் உடைத்துவிட்டான். கோயம்புத்தூருக்கு சர்க்கஸ் வந்திருந்தது. குடும்பத்தோடு போனால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்ததிலிருந்து எனக்கு யானையைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் மட்டாஞ்சேரியில் மிளகு மண்டியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் செல்வம் சொல்லியனுப்பினான்: "இங்கே வாங்க அத்தான். விடுமுறை முழுக்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மைதானத்திலே நாடகம், பாட்டு. பிள்ளைங்களுக்காகவே ஆடுறாங்க. டிக்கெட்டே கிடையாது."

டிக்கெட் கிடையாது என்று கேட்டதும் என் கலைத்தாகம் பொங்கிவிட்டது. "இதே மனுஷன்தான் சர்க்கஸ் மிருகவதைன்னு நேத்து சொன்னார்" என்று என் மனைவி சரஸ்வதி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கோயம்புத்தூரில் காலை ரயில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டே போய், நண்பகலுக்குமேல் கொச்சித் துறைமுக ஸ்டேஷனில் இறங்கலாம். ஏறக்குறைய நூற்றிருபது மைல். மூன்றாம் வகுப்பு போதும். ஜன்னல் ஓரம் பிடித்தால் முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கிற அதே தென்னைமரங்கள்தான் உங்களுக்கும். ஸ்டேஷன் இருப்பது ஒரு தீவில். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு. கால் மணி நேரம், ஆளுக்குப் பத்து நயா பைசா, ஐந்து வயதுக்குக் கீழே இலவசம்.

"பையனுக்கு நாலு வயசு" என்றேன் படகுக்காரரிடம்.

"அஞ்சு!" என்றான் பாபு, படகில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. ஐந்து விரலையும் விரித்து வேறு காட்டினான்.

"மோன் சத்தியம் பறையுது, சாரே" என்று படகுக்காரர் கையை நீட்டினார். பத்து பைசா போயிற்று. பாபு பொய்யே சொல்ல மாட்டான். அவன் அம்மா வழி.

மட்டாஞ்சேரிக்குள் நான் மூக்கு வழியாகத்தான் நுழைந்தேன். பஜார் தெருவில் இரண்டு பக்கமும் பண்டகசாலைகள், மிளகு மூட்டை, சுக்கு மூட்டை. நான்கு தும்மலில் செல்வத்தின் வீடு வந்துவிட்டது. பத்து வருஷமாக இங்கே இருப்பதால் அவன் தமிழே ஒரு மாதிரி நீந்திக்கொண்டு போகிறது. "எந்தா அத்தான், சாயா எடுக்கட்டா? கப்பை வேணுமா?" என்றான். கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. மீன்குழம்போடு கொடுத்தார்கள். நான் எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பது பயணக் கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம்.

மறுநாள் ஞாயிறு. மைதானம் செல்வம் வீட்டிலிருந்து அரை மைல் இருக்கும், ஒரு சர்ச்சுக்குப் பக்கத்தில். நான்கு மணிக்கே போய்விட்டோம். மைதானத்தின் நடுவில் ஆள் இடுப்புயரத்துக்குப் பலகை மேடை போட்டிருந்தார்கள். அதைத் தட்டு என்கிறார்கள். அதன்மேல் நடப்பது சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதி. நடிக்கிறவர்கள் பாடிக்கொண்டே பலகையை மிதிக்கிறார்கள். மிதி என்றால் சும்மா இல்லை, பலகை அலறுகிற மிதி. இந்தக் கரையோரத்துக் கிறிஸ்தவர்கள் ஆடுவது. கதையில் வருகிறவர்கள் எல்லாம் கடல் தாண்டிய ராஜாக்கள், தளபதிகள். முழு நாடகம் ஆட ராத்திரி ராத்திரியாக ஆகுமாம். குழந்தைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லையே. பாட்டெல்லாம் தமிழ். எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த யாரோ கற்றுக்கொடுத்தது என்கிறார்கள். பழந்தமிழும் மலையாளமும் கைகோத்துக்கொண்டு வரும்.

சரஸ்வதி பாயை நன்றாக உதறி விரித்தாள். குழந்தைகள் மேடையை ஒட்டி முன்வரிசைப் பாயில், பெண்கள் அடுத்த பாயில், ஆண்கள் பின்னால் நிற்க வேண்டும். பாபு என் வேட்டியை விடாததால் நானும் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். உண்மையில் அவன் வேட்டியை எப்போதோ விட்டுவிட்டான். நிற்க எனக்குச் சோம்பலாக இருந்தது.

செண்டை முழங்கியது. ராஜா வந்தார். தலையில் கண்ணாடிக்கல் கிரீடம், வெல்வெட் அங்கி, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. முதல் மிதியிலேயே பாபு கையிலிருந்த முறுக்கு குதித்து ஓடியது. ராஜா ஒரு நீளமான பாட்டுப் பாடி நிறுத்தினார். அப்போது கட்டியக்காரன் துள்ளி வந்தான். நாடகத்துக்கு நடுவில் வந்து அர்த்தம் சொல்லிச் சிரிக்க வைக்கிற கோமாளி அவன். செல்வம் எங்கே போய் என்ன வத்தி வைத்தானோ, அந்தக் கோமாளி நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"பிள்ளாரே, கேட்டோ! ராஜா பாடினது முழுக்கத் தமிழ்! எனக்கு அர்த்தம் அறியில்லா. இதோ, தமிழ்நாட்டிலேர்ந்து ஒரு பெரிய சார் வந்து சின்னப் பாயில் இருக்கு! இன்னைக்கு எல்லாரும் சாரிடம் சோதிச்சோ!"

சோதிப்பது என்றால் அங்கே கேட்பது. அத்தனை குழந்தைகளும் திரும்பின. "எந்தா மாமா ராஜா பறஞ்ஞது?"

அது தமிழ்தான், சந்தேகமில்லை. கூட்டத்தில் முதுகை வைத்தே சொந்தக்காரரை அடையாளம் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி தெரிந்தது. ஆனால் அந்தச் சொந்தக்காரர் கடைசிவரை முகத்தைத் திருப்பவே இல்லை. 'வேந்தன்' என்று ஒன்று காதில் விழுந்தது, 'திசை' என்று ஒன்று. பாபு பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜாவுக்குப் பசி" என்றேன். "சமையல்காரன் எங்கேன்னு கேக்கறார்."

பாய் முழுக்கச் சிரிப்பு. பிறகு மந்திரி வந்தார். இன்றைக்கு மீன் கிடைக்கவில்லை என்று சொல்கிறார் என்றேன். பாட்டில் சோகம் இருந்ததால் பொருந்தியது. எதிரி நாட்டுத் தளபதி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மிதித்துக்கொண்டு வந்து கர்ஜித்தான். நம் மீனையெல்லாம் இவன்தான் வாங்கிப் போய்விட்டான் என்றேன். அரை மணியில் ஒரு விருந்தே சமைத்துவிட்டேன்.

"என்னங்க, அவர் கையிலே கத்தி இருக்கு" என்றாள் சரஸ்வதி பின் பாயிலிருந்து.

"மீன் வெட்ட" என்றேன்.

எல்லாக் குழந்தையும் சிரித்தது, ஒன்றைத் தவிர. எனக்கு வலது பக்கத்தில் ஒரு பெண் குழந்தை. பெயர் ரோசிலி, ஆறு வயதிருக்கும். மடியில் ஒரு பழைய நீலச் சட்டையும் வேட்டியும், ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அது என்ன கண்ணு?"

"அப்பச்சன்றெ ஷர்ட்டு." தாடையால் மேடையைக் காட்டினாள். அப்பச்சன் என்றால் அப்பா. ராஜாவின் சட்டை. ராஜா கும்பளங்கியில் மீன்பிடிக்கிற குஞ்ஞப்பன். ராஜா வேஷம் அவருக்கு இதுதான் முதல் தடவை, இவளுக்கு நாடகம் பார்ப்பதே முதல் தடவை. மத்தியானம் குழுவோடு வள்ளத்தில் வரும்போது பெரிய பையன்கள் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள்: இன்றைக்கு உன் அப்பச்சனை வெட்டிக் கொன்றுவிடுவார்கள். அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அவர் பாட்டை முணுமுணுத்து நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தவர், "மிண்டாதிரி மோளே" என்று சும்மா இருக்கச் சொல்லிவிட்டார். இனி கேட்க ஆளில்லை. இப்போது தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, தமிழ்ல எங்ஙனயா? அப்பச்சன் மரிக்குமோ?"

மேடையைப் பார்த்தேன். ராஜா பாடிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரிந்தால் போதும், பிழைப்பாரா மாட்டாரா என்று. புரியவில்லை.

"மாட்டார்" என்றேன். "தமிழ்ல தெளிவா இருக்கு. ராஜா ஜெயிச்சு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடுவார்."

"சத்தியமாணோ?"

பத்து பைசாவுக்கே பொய் சொல்லாத என் பிள்ளை என்னைப் பார்த்தான்.

"சத்தியம்."

ரோசிலியின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. சட்டையை மடியில் வைத்தபடியே என் முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவள் அதை முடிப்பதற்குள் தளபதி மரக்கத்தியை ஓங்கினான். ராஜா மூன்று சுற்றுச் சுற்றி, தடாலென்று மல்லாந்து விழுந்தார்.

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். மடித்த துணியை என் முன்னால் நீட்டினாள்.

"அப்போ இந்த ஷர்ட்டு ஆருக்கு?"

"சொல்லுங்கப்பா" என்றான் பாபு மெதுவாக. நான் முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்தேன்.

அவள் எழுந்து மேடைக்குப் போனாள். பலகை அவள் கழுத்துக்கு வந்தது. துணியைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் பலகையில் பதித்தாள். பிறகு கன்னத்தையும் வைத்தாள். செண்டை ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தது. ராஜா கண்ணை மூடிக் கிடந்தார், மீசை பாதி பிய்ந்து. நான் அப்போதுதான் பார்த்தேன். அவருடைய வலது கால், வெள்ளைக் காலுறைக்குள், குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. டக், டக், டடக். செண்டையோடு இம்மி பிசகாமல்.

ரோசிலி முகத்தைத் திருப்பினாள். "சவிட்டுண்டு!" என்று கத்தினாள். "மாமா, அப்பச்சன் சவிட்டுண்டு!"

பாய் காலியாகிவிட்டது. எல்லாக் குழந்தைகளும் ஓடிப்போய் வரிசையாகப் பலகையில் கையை வைத்தன. பாபு எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். நானும் நாலு காலில் தவழ்ந்து போய்க் கையை வைத்தேன். உள்ளங்கையில் தெரிந்தது. செத்துக் கிடக்கிற ஒரு மனிதர், தான் சாகவில்லை என்று தன் பெண்ணுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை வெயில் அந்தப் பலகைமேல் சாய்வாக விழுந்திருந்தது. குழந்தைகளை விரட்ட வந்த கட்டியக்காரன், விரட்டாமல் அவர்கள் பக்கத்திலேயே குந்திவிட்டான். வீரர்கள் ராஜாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்தக் கால் காற்றில் உதறிக்கொண்டே போயிற்று. குழந்தைகள் கைதட்டின.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். ஓலைத் தட்டிக்குப் பக்கத்தில் குஞ்ஞப்பன் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஷர்ட்டு கொண்டா, மோளே."

அவள் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "ஆத்யம் சவிட்டிக் காணிக்கு." முதலில் மிதித்துக் காட்டு என்கிறாள்.

பாதி மீசையோடு அவர் மண் தரையில் ஒரு மிதி மிதித்தார். அவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சட்டையைக் கொடுத்தாள். என்னிடம் வந்து, "தமிழ்ல சரியா உண்டு" என்றாள். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே நல்ல விமர்சனம்.

திரும்பி வரும் வழியில் சரஸ்வதி என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. "நீங்க சொன்ன ஒரு பொய்யையாவது சாமி காப்பாத்திச்சே" என்றாள் கடைசியில். பாபு தூக்கத்தில் என் தோளை உதைத்துக்கொண்டே வந்தான்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. நாலரைக்கு ஆட்டம் தொடங்கும், நான்கு மணிக்கே போய்விடுங்கள். செண்டைக்காரர் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்காராதீர்கள். மே மாதக் கடைசியில் மழை வந்துவிடும், வந்தால் ஆட்டம் அடுத்த ஞாயிறுக்குப் போகும். பாய், கூஜாவில் தண்ணீர், உங்கள் குழந்தைக்கு வேண்டியதைப்போல் பத்து பங்கு முறுக்கு. தீவுக்குத் திரும்பும் படகு இருட்டிய பிறகு குறைவு, முடிந்தால் இரவு தங்குங்கள். தமிழ் தெரியும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, பாயை நன்றாக உதறிப் போடுங்கள். அந்த மைதானத்தில் கட்டெறும்பு அதிகம். மறுநாள் காலை படகுத்துறைச் சாயாக்கடையில் குஞ்ஞப்பனைப் பார்த்தேன். காலைச் சொறிந்துகொண்டிருந்தார். செத்துக் கிடக்கும்போதும் மகளுக்காகத் தாளம் போட்டீர்களே என்று, கண் கலங்கத்தான் சொன்னேன். அவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கித் தடிப்புகளைக் காட்டினார்.

"காலுறைக்குள்ளே எறும்பு, சாரே. சாவு சீன் இல்லையா, எழுந்திருக்க முடியுமா?"

"ஆனால் தாளம்? செண்டையோடு அப்படியே சேர்ந்திருந்ததே?"

"செண்டைக்காரன்தான் என் காலைப் பார்த்துக் கொட்டினான்."