மேல்கரைக்குக் குடிபோன ஊசியக்கா

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் ஊசியக்காதான்.

ஊருக்கு நகராட்சி என்ற பெயர்தான் பெரிது. ஓடைக்கு மேல்கரையில் கல்குவாரிக்காரர்கள், கீழ்க்கரையில் நூல்மில்காரர்கள் என்று தனித்தனியாகக் கிடந்த இரண்டு குடியிருப்புகளை, பாலம் கட்டிய கையோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அலுவலகம் எந்தக் கரையில் என்று அடிதடிவரை போய், கடைசியில் பாலத்தை ஒட்டி ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டில் கட்டினார்கள். பிறகு குவாரி நின்றது, மில்லும் பாதி அடங்கியது. இளவட்டங்கள் மூட்டை கட்டினார்கள். ஜனத்தொகை இன்னும் சரிந்தால் பக்கத்து நகரத்தோடு இணைத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

தலை எண்ணும் வேலை அக்கா தலையில் விழுந்தது.

"வெளியூர் போனவங்களையும் சேத்துக்கம்மா. எல்லாம் நம்ம புள்ளைங்கதானே?" என்று நகராட்சித் தலைவர் குழைந்தார்.

"அவங்கள அங்கயும் எண்ணுவாங்க சார். ஒரே ஆள் ரெண்டு எடத்துல எப்படிச் சோறு திம்பான்?"

மேல்கரையில் ஒருவர் மட்டும் அக்காவை மடக்கினார். குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர், மனைவியை இழந்தவர்.

"நான் மேல்கரை ஆளு. இந்த நகராட்சிய நான் ஒத்துக்கவே இல்ல. என்னை எண்ணாதீங்க."

"கால்ல ஆணி குத்தினப்ப மட்டும் நகராட்சி ஊசி வேணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். டீ கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். ஆனால் எண்ண மட்டும் விடவில்லை.

அக்கா மறுபடி போனார். அதற்குப் பிறகும் போனார். ஊர் ஜாடையாகச் சிரித்தது. அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சே நின்றுபோயிருந்தது. அம்மா போனபின் கீழ்க்கரை வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கவே சலிப்பாக இருந்தது.

"வீட்டுல எத்தனை பேரு? இன்னைக்காவது சொல்லுங்க."

"இப்ப ஒருத்தன். நீங்க சரின்னா ரெண்டு பேரு."

அக்கா பேனாவை மூடினார். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அப்ப கீழ்க்கரையில ஒண்ணு கொறையுமே?"

"அதனால என்ன? மொத்தத்துல ஒரே ஊருதானே!" என்றார், அதுவரை நகராட்சியை ஒத்துக்கொள்ளாதவர். சொல்லிவிட்டுத் தானே திகைத்தார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு கரையும் வந்து நின்றது. சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று மட்டும் கொஞ்சம் சண்டை.

எண்ணிக்கை போதவில்லை. இணைப்பு நடந்தது, அலுவலகப் பலகை மாறியது. ஆஸ்பத்திரியையும் மூடப் பார்த்தார்கள். பாலத்தில் மறியல் என்றதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் கம்ப்ரசர்காரர்தான். இரண்டு கரைக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி தப்பியது.

இப்போது அக்கா மேல்கரையிலிருந்து வேலைக்கு வருகிறார். மழை பெய்தால் கம்ப்ரசர்காரரும் குடையோடு ஆஸ்பத்திரி வாசல்வரை கூட வருவார். குடை முழுக்க அக்கா பக்கம் சாய்ந்திருக்கும். "நல்லாப் பிடிங்க, நாளைக்கு உங்களுக்குத்தான் ஊசி போடணும்" என்று அக்கா அதட்டுவது உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.