பதினேழாம் அத்தியாயத்துக் கதவு

நாவலின் முதல் வரைவை முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து அதையே எடுத்துப் படித்தபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு வளவளப்பு. அதன்பிறகு தினமும் காலையில் மயிலாப்பூர்ப் பூங்காவுக்குப் போய், நடக்க வந்தவர்கள் கலைந்ததும் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு சித்தப்பா போனார். இரண்டு மழைகள் போயின. கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஐந்து பக்கம் எழுதியிருந்தேன், அதுவும் போயிற்று.

பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. அதில் அடையாற்றங்கரையில் வீடுகளை இடிக்க வருகிறார்கள். கதாநாயகி ஆற்றைப் பார்த்து மூன்று பக்கத்துக்கு அழுகிறாள். எழுதும்போது நானும் அழுதேன். மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள். சளி என்று பிறகுதான் சொன்னாள். இருந்தாலும் நாவலே அந்த மூன்று பக்கத்தில்தான் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் இன்னும் நோட்டில் கையால் எழுதுகிறவன். ராயப்பேட்டை மார்க்கெட் பக்கம், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்னக் கடை ஒன்றில் ஒரு பெண்மணி எனக்கு டைப் செய்து தருவார். நாற்பது வயதிருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். என் கோழிக்கிறுக்கலை இந்த ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

டைப் செய்த தாள்கள் கைக்கு வந்ததும் அதே பெஞ்சில் உட்கார்ந்து நேராகப் பதினேழாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். மூன்று பக்க அழுகையைக் காணோம். அந்த இடத்தில் நான் எழுதாத ஒரே ஒரு வரி இருந்தது: 'அவள் முதலில் கதவைக் கழற்றினாள்.'

எனக்கு வந்த கோபத்தில் வெயில்கூட உறைக்கவில்லை. ராயப்பேட்டைவரை நடந்தே போனேன். தாளைக் கீபோர்டின் மேல் வைத்து, "என்னம்மா இது?" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் சார். நீங்க கவரை வாங்கிகினு ஓடிட்டீங்க," என்றார் நிதானமாக. "நீங்க எழுதுனதத் தனியா அடிச்சு வெச்சிகீறேன். வேணும்னா இப்பவே சேர்த்துடலாம்."

"ஏன் எடுத்தீர்கள்?"

"இடிக்க வர்ற அன்னிக்கு அழுறதுக்கு ஏது சார் நேரம்? கதவு, ஜன்னலு, தகர ஷீட்டு எல்லாத்தையும் கழட்டணும். மிசினு வந்துட்சின்னா ஒண்ணும் மிஞ்சாது. எங்கம்மா கதவைத் தூக்கிகினுதான் வண்டில ஏறுச்சி."

"பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொடுத்த புது வீட்டில் கதவு போட்டுத்தானே கொடுத்திருப்பார்கள்?"

"குட்தாங்க. அதுக்கோசரம் எங்க கதவை வுட்டுட்டு வர முடியுமா? இப்பவும் பால்கனில சாத்திகினு கீது. மழைல கொஞ்சம் உப்பிப்போச்சி."

ஆறு வருடமாக என் கையெழுத்தைப் படிக்கிறவர். எங்கிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனீர்கள் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. அடையாறு பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். எழுதுவதற்கு அதுவே போதும் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மூன்று பக்கத்தை இழக்கப் போகிறோமே என்று அப்போதும் வலித்தது. அதையும் மறைப்பானேன்?

அவரிடமிருந்த என் நோட்டை வாங்கி அங்கேயே நின்று மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டேன். கடைசிக் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"இந்த ஒரு வரி உங்களுடையது. நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த பத்திரிகையை அடிக்கத் தொடங்கியிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெச்சிக்கோங்க சார். ஆனா அந்தம்மாவ மட்டும் மறுபடியும் அழ வுட்றாதீங்க."