கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பு

பழனியிலிருந்து கொடைக்கானல் வரைக்கும் எங்கள் பகுதித் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு, இரண்டாயிரம் பிறந்த புதிதில், என் தலையில் இருந்தது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான். தூசி பட்டால் மெஷின் போச்சு என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். செருப்போடு ஒரு கால் உள்ளே வந்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பழனியில் அது பெரிய விஷயமில்லை. கொடைக்கானலில், மார்கழியில், சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்துக்கொண்டு டைப் அடிப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. என் காலில் கம்பளி சாக்ஸ் இருந்தது.

அங்கே தையல் படித்த ஒரு பெண். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். வீட்டுப் பழக்கத்தில் என்னை சார் என்பதற்குப் பதில் "சேர்" என்றுதான் கூப்பிடுவாள். மற்ற பெண்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர், ஈமெயிலில் வரும் புக்கிங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸான பெண்ணாக அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். நான் அவளைத்தான் மனதில் வைத்திருந்தேன், அவளிடமும் சொல்லியிருந்தேன். பாஸாகாவிட்டால் அவளுக்குக் கேரட் காட்டுக் கூலிதான்.

பரீட்சை அன்று திண்டுக்கல்லிலிருந்து தேர்வாளர் வந்தார். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் வாசலில் நின்றாள், அண்ணனுடைய பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு. காட்டு வேலையில் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது, இன்றைக்கு மட்டும் ஷூவோடு வரட்டுமா என்று கேட்டாள். வெளியூர்க்காரர் முன்னால் என் கண்டிப்பைக் காட்ட வேண்டுமே எனக்கு.

"இங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா. வெரசா கழட்டிட்டு வா, சோலி கெடக்கு" என்றேன்.

கழற்றினாள். பாதத்தில் துணிக்கட்டு. நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். தேர்வாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், பூட்ஸோடு. என்ன குளிர் சார் உங்க ஊரில் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சீ, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அப்போதாவது அவளை ஷூவைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மரியாதை என்னாவது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் தப்பில்லாமல் அடித்து முடித்தாள். தேர்வாளர் திரையைப் பார்த்துவிட்டு பாஸ் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள், அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து துப்பட்டா நுனியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனேன். கட்டெல்லாம் நனைந்து, தரையில் ரத்தம்.

என்னைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தாள்.

"தொடச்சிட்டேன் சேர். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"