ரெண்டு மணி அக்கா

பகல் இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். பிறகு மூடி போடும் இயந்திரத்தின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுபோல ஒரு நிற்பு.

"என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டேன், அதே கூடத்தின் மூலையில் கணக்கு எழுதும் நான்.

"காலைலேருந்து என்ன தப்பு பண்ணுச்சுன்னு அது சொல்லும் சார். கேட்டுட்டிருக்கேன்."

கண் மருந்துப் பிரிவின் மேற்பார்வையாளர். முப்பது வருட சர்வீஸ். எல்லாருக்கும் 'ரெண்டு மணி அக்கா'. அவர் சேர்ந்தபோது இந்தக் கூடத்தில் எழுதும் மையைப் புட்டியில் அடைத்தார்கள். மை வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் தலை எண்ணெய், இருமல் மருந்து, இப்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து. முதலாளிகளும் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மாறாதது ஒன்றுதான்: இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து போகிறவர், அன்று தான் செய்த ஒரு தப்பை வருகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கேட்பவர் திட்டக்கூடாது, சிரிக்கவும் கூடாது. ஒருவர் சுட்டுக்கொண்ட இடத்தில் அடுத்தவர் கை வைக்காததால், எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் பத்தே நாளில் பழகிக்கொண்டார்கள்.

தொடங்கி வைத்தவர் பழைய ஃபோர்மன். அவருக்கு இடது தோள் சற்றுத் தூக்கலாக இருக்குமாம். செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. போன மாதம் சேர்ந்த பெண் தன் தப்பைச் சொன்னபோது பார்த்தேன். இடது தோள் மெல்ல மேலே போயிற்று. அடுத்தவளுக்கும் அப்படியே. கேட்டால், "நானா? தூக்கலையே சார்!" அன்று மாலை, குடையைத் தொலைத்துவிட்டதை வீட்டில் ஒப்புக்கொண்டபோது மனைவி கேட்டாள்: "தோள்ல என்ன, சுளுக்கா?"

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஃபோர்மன் இன்னும் போகல சார். போயிட்டார்னா நாங்க தப்பை மறைக்க ஆரம்பிச்சிடுவோம்."

மூன்று மாதத்துக்கு முன் மூடி போடும் இந்தத் தானியங்கி இயந்திரம் வந்தது. மூடி இறுகாத புட்டிகள் இரண்டு முறை திரும்பி வந்தன. இன்னொரு முறை வந்தால் பிரிவை இழுத்து மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. பதினான்கு பேருக்கு வேலை போகும். இயந்திரம் தன் தப்பை யாரிடமும் சொல்வதில்லை என்பதால்தான் அக்கா அதன் முன்னால் போய் நிற்க ஆரம்பித்தார். அக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்று பக்கத்துப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் அவருக்குக் கேட்டுவிட்டது. பொருத்திய அன்று இருந்த, மூடியை இறுக்கும் காற்றின் சீறல் இப்போது மெலிந்திருந்தது. யாரோ அழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அதை மாற்றும் விசைப் பெட்டியின் சாவி மேலாளரிடம் மட்டுமே உண்டு. அவர் வந்து ஆறு மாதமாகிறது; இரண்டு மணிக் கூட்டத்தை 'டைம் வேஸ்ட்' என்பவர்.

"மேலிடத்துக்கு எழுதிப் போடுங்கக்கா, இன்னைக்குச் சரக்கை ஏத்த மூணு மணிக்கு லாரி வந்துடும்" என்று பெண்கள் பதறினார்கள்.

"அடுத்தவங்க தப்பை நாம சொல்றதில்ல. அவங்கவங்கதான் சொல்லணும்."

மேலாளர் அறைக்குப் போய், "ரெண்டு மணிக்கு நீங்களும் வாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மேலாளர் வந்தார். வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்தபோது வாயைத் திறந்தார்; இடது தோள் மெல்ல மேலே போயிற்று, ஆனால் இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.