துரைசானிக்கு மஞ்சள் பூசிய வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அறுப்புப் பண்டிகை. பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அத்தனையும் கூடியிருந்தன. அங்கே பிரசங்கம் செய்த போதகரைவிட அதிகமாகப் பேசப்பட்டவள் என் கோழி.

'பேசப்பட்டவள்' என்பது மரியாதைக்கு. சிரிக்கப்பட்டவள் என்பதே சரி.

அவள் பெயர் துரைசானி. வெள்ளை லெகார்ன், சீமை ஜாதி. இஸ்திரி போட்ட உடுப்பு மாதிரி இருப்பாள். பண்டிகை ஏலத்துக்கு வீட்டுக்கு ஒரு பொருள் கொடுப்பது எங்கள் வழக்கம். பூசணிக்காயோ, வாழைத்தாரோ, முடிந்தால் ஒரு கேக்கோ. நானும் பூசணிக்காயோடு நிறுத்தியிருக்கலாம். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வருஷம் என் துரைசானியையே கொடுக்கிறேன்" என்று அறிவித்தேன். அதோடு விட்டேனா? "பெங்களூரிலேயே இப்படி ஒரு வெள்ளைக் கோழி கிடையாது" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஏலம் போடுகிற ஆபிரகாம் வாத்தியார் கை தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பண்டிகை வாரம் பிறந்தது. திங்கட்கிழமை காலை கொல்லைக் கதவைத் திறந்தால் — தலையணை கிழிந்த மாதிரி எங்கே பார்த்தாலும் வெள்ளை இறகு.

பூனையா? கீரியா? தடியை எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடினேன். கோழிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கடைசியாகக் கூண்டிலிருந்து துரைசானி இறங்கினாள். கழுத்தில் இறகு இல்லை. முதுகில் திட்டுத் திட்டாகச் சொட்டை. வால் இருந்த இடத்தில் இரண்டே இரண்டு குச்சி.

அலசூர் பக்கம் யார் வீட்டிலோ நோய் வந்து கூண்டே காலியானதாக ஆபீசில் பேசிக்கொண்டார்களே... துரைசானி போனால் போகட்டும் என்று இருக்க முடியுமா? சபை நடுவில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அவளைத் தனியாகக் கூடை போட்டுக் கவிழ்த்தேன். வேப்பெண்ணெயில் மஞ்சளும் கற்பூரமும் குழைத்தேன். என் சம்சாரம் எஸ்தர் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, அது நல்லாத்தானே தின்னுது. சும்மா விடுங்களேன்."

"உனக்குத் தெரியாது. இது சரும வியாதி."

"உங்களுக்குத் தெரியுமாக்கும்."

தெரியாது. ஆனால் தெரியாதவன்தானே மும்முரமாக வைத்தியம் செய்வான்? தினமும் ஆபீசுக்குப் புறப்படுமுன் ஒரு பூச்சு, வந்ததும் ஒரு பூச்சு. பக்கத்து வீட்டு நஞ்சப்பா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அவர் கன்னடக்காரர்; அவர்கள் கல்யாணங்களில் பெண்ணுக்கு மஞ்சள் பூசி ஒரு சடங்கு உண்டு.

"ஏன் சார், அரிசின சாஸ்திரமா? மாப்பிள்ளை யாரு?"

நான் பாட்டுக்கு முதுகில் இன்னொரு பூச்சுப் பூசினேன். துரைசானி மட்டும் ஒரு கத்து கத்தினாள்.

வியாழக்கிழமை பூசும்போது விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். சொட்டை என்று நான் அழுத இடமெல்லாம் வரிசையாக நீலம் பாய்ந்த முளைகள். ஒவ்வொரு முளையின் நுனியிலும் துளி வெள்ளை.

வியாதியும் இல்லை, வெக்கை நோயும் இல்லை. அம்மாள் பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுப் புதுச்சட்டை மாற்றுகிறாள். அவ்வளவுதான்!

எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கோழியைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"அதுக்குத் திரும்பி முளைக்குது பாருங்க. கொடுத்து வெச்ச ஜென்மம்."

கோழி வளர்க்கும் அன்பர்களே, என் விரல் குத்துப்பட்டுக் கற்றதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். மழைக்காலம் ஓய்கிற சமயம் முதிர்ந்த கோழி இறகு உதிர்த்தால் அலறாதீர்கள். அது இரை எடுக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் நீங்கள் ஆபீசுக்குப் போகலாம். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சையாகக் கழிந்தால்தான் பயம். அப்போது தனியே பிரித்து மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இறகு வளர்கிற காலத்தில் முட்டை நின்றுபோகும், கோபிக்காதீர்கள். வெறும் ராகியைப் போட்டால் போதாது. கொஞ்சம் கருவாட்டுத் தூள், கிடைத்தால் புற்றை வெட்டிக் கரையான். குளித்துப் புரள ஒரு மூலையில் சாம்பல். சும்மா சும்மா தூக்காதீர்கள், புது முளை அழுந்தினால் அதற்கு வலிக்கும். முக்கியமாக — எண்ணெய் பூசாதீர்கள். மஞ்சளைக் கையாலும் தொடாதீர்கள்.

ஏனென்றால் மஞ்சள் போகாது. சோப்பு போட்டேன், சிவந்தது; அலசினேன். மிச்சமிருந்த வெள்ளை இறகெல்லாம் இன்னும் பளிச்சென்று மஞ்சளானது.

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்தரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "வேற கோழி ஒண்ணைக் கொண்டு போயிடலாமா?"

"துரைசானியைக் கொடுக்கறேன்னு சொன்னது நீங்கதானே?"

"இந்த நிலைமையிலயா?"

"இறகோட கொடுக்கறேன்னு சொல்லலியே."

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வண்டியில் கூடையை மடியில் வைத்து, அவள் குலுங்காமல் நான் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன். என் முறை வந்தது. ஆபிரகாம் வாத்தியார் கூடைத் துணியை எடுத்தார். கூடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பெங்களூரிலேயே இப்படி ஒரு கோழி கிடையாதுன்னு சொன்னாரு," என்றார் கடைசியில். "வாஸ்தவம்தான்."

கோயிலே குலுங்கியது. தூணுக்குப் பின்னால் யாரோ, "அண்ணே, அது கோழியா, பாதி சமைச்சதா?" என்றார்கள். பூமி பிளந்தால் கோழியோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வாத்தியார் ஏலத்தை ஆரம்பித்தார். வேடிக்கைக்கென்று தையல்கடை தேவசகாயம் எட்டணா கேட்டார். எதிரே கேட்பார் இல்லை. கோழி அவர் கைக்கு வந்தது. அதை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

இங்கே எங்கள் ஏலத்தின் ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் விரும்பினால், பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை அங்கேயே கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும்.

தேவசகாயம் தொண்டையைக் கனைத்தார். "கர்த்தருக்கே திருப்பிக் கொடுக்கிறேன்."

எவ்வளவு பெரிய பக்தி. சபை மெச்சிக்கொண்டது. அடுத்து எடுத்தவர் பின்வாங்குவாரா? "நானும் கர்த்தருக்கே." அவருக்கு அடுத்தவர் கூடையைத் தொடக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே காணிக்கையாக்கினார். கேலியாக ஆரம்பித்தது போட்டியாகிவிட்டது. ஒருவர் கொடுத்ததைவிடக் குறைத்துக் கேட்க இன்னொருவருக்கு மனசு வரவில்லை; வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கேக்குகளும் வாழைத்தார்களும் ஒரே தடவை விலைபோய் அடங்கிவிட, துரைசானி மட்டும் பெஞ்சு பெஞ்சாக விலைபோய்க்கொண்டே இருந்தாள்.

வாத்தியாருக்குத் தொண்டை கட்டிய பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எஸ்தர். கேட்டாள், எடுத்தாள், திருப்பிக் கொடுக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஜட்காவுக்குப் போய்விட்டாள்.

ஆசைப்பட்டு வாங்குகிற பொருளுக்கு மனிதன் பேரம் பேசுகிறான். வேண்டாத பொருளைத் தள்ளிவிட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறான். ஏலக்கடைக்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

துரைசானிக்கு இப்போது கழுத்தில் புது வெள்ளை அரும்பிவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்த போதகர் அதைக் கவலையோடு பார்த்துவிட்டு, அடுத்த வருஷப் பண்டிகைக்கும் மஞ்சள் பூச முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.